ரெண்டு வட்டியா, தசமபாகமா?

நாசரேத்துக்காரன்:
சம்பளம் 24,000. மாசம் பிறந்ததும் பத்தில் ஒன்று, 2,400, சபைக்குத் தசமபாகமா தனியா எடுத்து வைச்சிடுவேன், பத்து வருஷப் பழக்கம். அப்பா ஆபரேஷனுக்கு ரெண்டு வட்டிக்கு வாங்கின 80,000 அப்படியே நிக்குது. மாசம் 1,600 வட்டிக்கே போகுது. தபால் ஆபீஸ் ஆர்.டி.யில் (மாசச் சேமிப்புக் கணக்கு) 1,000 கட்டுறேன், 37 மாசம் ஆச்சு. கடன் தீரும்வரை தசமபாகத்தை நிறுத்தலாமா?

எஸ்தர் அக்கா:
நிறுத்தாதீங்க தம்பி. பைபிளில் மல்கியா 3:10 எடுத்து வாசிங்க. "என்னைச் சோதித்துப் பாருங்கள்"னு கர்த்தரே சொல்றாரு. எங்க வீட்டுக்காரருக்கு வேலையில்லாத எட்டு மாசமும் தையல் காசில் பத்தில் ஒன்று கொடுத்தேன். ஒரு நாளும் அடுப்பு அணையல.

கணக்கன்:
அடுப்பு அணையாததுக்குத் தையல் மெஷினும் ஒரு காரணம் அக்கா :)

தம்பி, முதல்ல ஆர்.டி.யைப் பாருங்க. ரெண்டு வட்டின்னா வருஷத்துக்கு 24 சதவீதம். அதைக் கட்டிக்கிட்டே 6.7 சதவீதத்துக்குச் சேர்க்கிறது ஓட்டைப் பானையில் தண்ணி ஊத்துற கதை. மூணு வருஷம் தாண்டினதால முடிச்சு வாங்கலாம். முன்கூட்டியே முடிக்கிறதால சேமிப்புக் கணக்கு வட்டிதான் தருவாங்க, இருந்தாலும் 38,000-க்குக் குறையாது. மீதிக் கடன் 42,000. இப்போ வட்டிக்கும் ஆர்.டி.க்கும் போற 2,600-ஐ அப்படியே கடனுக்குக் கட்டினா 20 மாசம். தசமபாகத்தையும் அதில் போட்டா 10 மாசம். வட்டிக்காரர் அசலைப் பிரிச்சு வாங்கணும், அதை முதல்ல பேசிடுங்க.

எஸ்தர் அக்கா:
இருந்த சேமிப்பையும் உடைச்சு, ஆண்டவருக்குரியதையும் நிறுத்திட்டா, அடுத்த ஆஸ்பத்திரி செலவுக்கு மறுபடியும் அதே வட்டிக்காரர் வாசல்தானே? 20 மாசத்திலேயே தீருதுன்னு நீங்களே சொல்றீங்க. அப்புறம் அந்தப் பத்து மாச அவசரம் எதுக்கு?

கணக்கன்:
முதல் கேள்வி நியாயம். 5,000 மட்டும் கையில் வைச்சுக்கிட்டு மீதியைக் கட்டட்டும்.

பனைவிளை:
வசனத்தை வசனத்தாலதான் பேசணும். மாற்கு 7-ல் இயேசு யாரைக் கண்டிக்கிறார்? அப்பா அம்மாவுக்குச் சேரவேண்டியதை "கொர்பான்", அதாவது காணிக்கைன்னு சொல்லிக் கைகழுவுறவங்களை. தம்பியோட கடன் அப்பா உடம்புக்கு வாங்கினது. அதை அடைக்கிறதும் தேவ கட்டளைதான். உபாகமம் 14-ல் மூணாம் வருஷத் தசமபாகம் ஆலய ஊழியக்காரனான லேவியன் மட்டுமில்ல, பரதேசி, திக்கற்ற பிள்ளை, விதவைன்னு எல்லாரும் சாப்பிட்டுத் திருப்தியடையத்தான். இந்த அதிகாரத்தை வைச்சு எத்தனை பிரசங்கம் கேட்டிருக்கோம்?

1810-ல் ஸ்காட்லாந்தில் ரத்வெல் கிராமத்துப் போதகர் ஹென்றி டங்கன் ஏழைகளுக்காகச் சேமிப்பு வங்கி தொடங்கினார். பெரிய வங்கியில் 10 பவுண்டு இல்லாம கணக்கு திறக்க முடியாத காலம். இவர் 6 பென்ஸ் இருந்தாலே வாங்கிக்கிட்டார். நம்ம சபைகளில் கட்டட நிதிக்குக் கவர் வருது. வட்டியில் மாட்டினவனுக்கு என்ன வருது?

எஸ்தர் அக்கா:
அந்தப் போதகர் காணிக்கை வேண்டாம்னு சொன்னாரா?

பனைவிளை:
சொல்லல அக்கா. முதல்ல சேர்க்கக் கத்துக்கொடுத்தார், அவ்வளவுதான்.

எஸ்தர் அக்கா:
அது சரி. ஆனா பத்து வருஷப் பழக்கம் ஒரு தடவை விட்டா திரும்ப வராது. கடன் தீர்ந்ததும் பைக் தவணை வரும், அப்புறம் கல்யாணம். நான் பார்த்திருக்கேன்.

கணக்கன்:
இதுக்கு என்கிட்ட பதில் இல்ல. உண்மைதான்.

நாசரேத்துக்காரன்:
ஆர்.டி.யை முடிக்க நாளைக்கே போறேன். தசமபாகக் கணக்கை வீட்டில் காட்டினேன். அப்பா ஒண்ணும் பேசல. அம்மாதான், "அப்போ ஞாயித்துக்கிழமை காணிக்கைப் பை வரும்போது என்ன போடுவே?"ன்னு கேட்டாங்க.

எஸ்தர் அக்கா:
வெறும் கையை மட்டும் விடாதீங்க தம்பி. பத்து ரூபாயாவது போடுங்க.