லண்டனிலிருந்து செவன் சிஸ்டர்ஸ்: ஒரே நாளில் போய்வர வழி சொல்லுங்கள்

வணக்கம். அடுத்த மாதம் ஒரு சனிக்கிழமை இங்கிலாந்தின் தென்கடற்கரையிலுள்ள செவன் சிஸ்டர்ஸ் சுண்ணாம்புப் பாறைகளைப் பார்த்துவிட்டு இரவே லண்டன் திரும்ப நினைக்கிறோம். கூட அம்மாவும் வருகிறார். மூட்டுவலி இருப்பதால் சீஃபோர்டு ஊரிலிருந்து ஈஸ்ட்போர்ன் ஊர்வரை பாறைகளின் மேலாக, மேடும் பள்ளமுமாக 20 கிலோமீட்டருக்கு மேல் நடப்பதெல்லாம் ஆகாத காரியம்.

விக்டோரியாவில் ரயிலேறி, லூயிஸில் மாறி சீஃபோர்டு. அப்புறம் 12ஆம் எண் பஸ்ஸில், பாறைகளுக்குப் பக்கத்திலுள்ள எக்சீட். இது சரியா, இல்லை ஈஸ்ட்போர்ன் பக்கமாகப் போவது சுலபமா? எக்சீட்டிலிருந்து கடற்கரைக்குப் போகும் பாதை சமதளம்தான் என்கிறார்கள்; கூழாங்கல் தொடங்கும் இடம்வரை சக்கர நாற்காலி தள்ள முடியுமா?

என் பையன் ஒரு இடத்தில் நிற்கமாட்டான். பாறை விளிம்பு திடீரென்று இடிந்து விழும் என்பதால் மேலே ஏறும் எண்ணமே இல்லை. கீழிருந்து பார்த்தால் போதும். சனிக்கிழமைகளில் ரயிலுக்குப் பதில் பஸ் விடுகிறார்களா என்பதையும் சமீபத்தில் போனவர்கள் சொல்லுங்களேன்.