சின்னப்பாட முதுகில ரெண்டு கை: பிள்ளை பேயா, இல்லையா?

வாவிக்கரை:
18 நிமிடக் குறும்படம், பேய்க்கதைதான், ஆனா சிரிக்க வைக்கணும். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையில இருந்து ஒருத்தர் கிழக்கே கல்லடியில கலியாணம் முடிச்சி பொம்புள வீட்டுக்கு வாறார். அவவுக்கு அது ரெண்டாந்தாரம். வீட்டுல அவ, அவட அம்மா, முதல் தாரத்துப் பொட்டப்பிள்ளை ஒண்டு, எட்டு வயசு. பிள்ளை இவரைச் சின்னப்பா எண்டு கூப்பிடுறதே இல்ல. சுவரோட கதைக்குது. அது உத்துப்பாத்த கோழி அடுத்தநாள் சாகுது. கடைசி 5 நிமிடத்துல பிள்ளை மெய்யாவே பேய்தான் எண்டு காட்டி முடிக்கிறதா திட்டம். சரியா வருமா?

வெட்டுமேசை:
வராது. பேய் எண்டு காட்டின செக்கனோட சிரிப்பு செத்திரும். மனிசன் பயப்படுறதுல பாதி அவரே கட்டின கற்பனை எண்டு சந்தேகம் இரிக்கிற வரைக்கும்தான் அவரைப் பாத்துச் சிரிக்கலாம். உண்மையான பேய்க்கிட்ட மாட்டினவரைப் பாத்து ஆர் சிரிப்பான்? கடைசி வரைக்கும் ரெண்டு விளக்கமும் பொருந்தணும்.

கூத்துக்கொப்பி:
தம்பிமாரே, சந்தேகம் எண்டுற சாமானை வச்சி நம்மட சனத்தை 18 நிமிடம் இருத்த ஏலாது. வடமோடிக் கூத்துல அரக்கன் வரக்க ரெண்டுபேர் திரை பிடிப்பான், மத்தளம் ஏறும், திரைக்குப் பின்னால சலங்கை கேட்கும். ஆர் வாறான், எவ்வளவு பொல்லாதவன் எண்டு பாட்டுலயே சொல்லியிரும். ஒளிப்பு மறைப்பு இல்ல. அதுக்குப் பயந்தவன்தான் கட்டியகாரன் வாய்திறந்தா உருண்டு சிரிக்கிறான். பிள்ளைக்கும் அப்படி ஒரு வரவு, மேடைக்கு வாற ஆட்டம், வைங்க. முதல் நிமிடத்துலயே பேய் எண்டு சொல்லுங்க. மறுகா அந்த மனிசனுக்குத் தெரியாம இரிக்கிறதுதான் பகிடி.

சம்மாந்துறை ராத்தா:
ரெண்டுபேரும் பிள்ளையவே பாக்கிறீங்க. வீட்டைப் பாருங்க. நம்மட பக்கத்துல, தமிழாக்களுக்கும் எங்கட முஸ்லிம் ஆக்களுக்கும், வீடு பொம்புளட பேரில. மாப்பிள்ளைதான் வந்து இரிக்கிறவர். நாளைக்கு அந்த வீடு அந்தப் புள்ளைக்கு. குடி, அதாவது தாய்வழியா வாற குலம், பாத்தாலும் உம்மா, உம்மம்மா, புள்ள மூணுபேரும் ஒரு குடி, இவர் மட்டும் வேற. வீட்டுக்குள்ள அந்நியன் ஆர் எண்டு கேட்டா ஒரே விடைதான் வரும். வேற ஊருப் படங்கள்ல சித்தப்பன் தன்ட வீட்டுல புள்ளைக்குப் பயப்படுவான். இஞ்ச புள்ளட வீட்டுல இவர் விருந்தாளி. கதவைச் சாத்திப் படுக்கவும் மாமிட்டக் கேட்கணும். பகிடியும் பயமும் அதுக்குள்ளயே இரிக்கி, கோழியச் சாகடிக்கத் தேவையில்ல.

வாவிக்கரை:
ராத்தா சொல்றது சரி. ஆனா கண்ணுக்குத் தெரியிற மாதிரி ஒரு பயம் வேணும். பொருள் எதுவும் இல்லாம சந்தேகத்தை எப்படிப் படம்பிடிக்கிற?

வெட்டுமேசை:
மஞ்சள். சட்டையில கறி ஊத்தினா மஞ்சளாத்தான் இரிக்கும், சவர்க்காரம் பட்டவுடன சிவப்பாகும். எல்லா வீட்டுலயும் தெரிஞ்ச விசயம். மஞ்சள் காரத்துல சிவக்கும், புளியில திரும்ப மஞ்சளாகும். அவ்வளவுதான் வித்தை.

காட்சி இப்படி: அம்மன் கோயில் சடங்குக்குப் போக மனிசன் மஞ்சள் சட்டை போட்டு நிக்கிறார். பிள்ளை முதல்தடவையா ஓடிவந்து பின்னால கட்டிப்பிடிக்கிது. தாய்க்குக் கண் கலங்குது. மனிசன் பூரிச்சிப்போய் கோயிலை நோக்கித் திரும்பி நடக்கிறார். முதுகில சின்னதா ரெண்டு சிவப்புக் கை. வெட்டு இல்லாம, கமெராவுக்கு முன்னாலயே சிவக்கணும்.

செய்யிற விதம்: ஒரு லீற்றர் சுடுதண்ணியில ரெண்டு மேசைக்கரண்டி மஞ்சள்தூள், வெள்ளைச் சட்டையை அரை மணித்தியாலம் ஊறப்போட்டு நிழல்ல காயவிடுங்க. வெயில்ல போட்டா மஞ்சள் வெளிறிப்போகும். சட்டை முழுப் பருத்தியா இரிக்கணும். பிள்ளைட கையில உடுப்புக் கழுவுற கட்டிச் சவர்க்காரம் நுரைச்சி, ஒருதரம் உதறிப்போட்டு அழுத்தணும். தண்ணி சொட்டினா விரல் அடையாளம் கலைஞ்சி வெறும் கறையாத்தான் தெரியும்.

கூத்துக்கொப்பி:
சவர்க்காரம் என்னத்துக்கு? சுண்ணாம்புத் தண்ணி தொட்டா ஆலாத்தி (ஆரத்தி)த் தட்டு மாதிரி இரத்தச் சிவப்பு வரும்.

வெட்டுமேசை:
அண்ணன், நிறம் நல்லாத்தான் வரும். ஆனா பிள்ளை அந்தக் கையால கண்ணைக் கசக்கினா படப்பிடிப்பு ஆசுப்பத்திரியிலதான் முடியும். சவர்க்காரம் போதும், எடுத்து முடிஞ்ச உடன கையைக் கழுவிவிடுங்க.

இன்னொண்டு, அரிக்கன் லாம்பு வெளிச்சத்துல இதை எடுக்கவேணாம். அந்த வெளிச்சமே மஞ்சள், சட்டை வெள்ளையாவும் கை மண்ணிறமாவும் தெரியும். வெள்ளை எல்ஈடி போடுங்க. டியூப்லைட் எண்டா சட்டர் வேகத்தை 50ல ஒண்டு இல்லாட்டி 100ல ஒண்டு எண்டு வைங்க. நம்மட கரண்ட் 50 ஹேர்ட்ஸ், வேற வேகத்துல வச்சா படத்துல பட்டை பட்டையா ஓடும்.

வாவிக்கரை:
சரி, கை சிவந்திச்சு. இதுல சந்தேகம் எங்க இரிக்கி? பேய்தானே சிவப்பாக்கும்?

வெட்டுமேசை:
அதுக்கு முந்தின காட்சியில அம்மம்மா குசினியில இருந்து சத்தம் போடுறா: "கை கழுவினா துடைக்கமாட்டியாகா?" அவ்வளவுதான். கவனிச்சவனுக்கு விளங்கும், கவனிக்காதவன் பயப்படுவான். மறுகா கோயில்ல பூசை பண்ணுற கட்டாடியார் மந்திரம் சொல்லித் தேசிக்காய் வெட்டிப் பிழியிறார், முதுகில பட்ட இடம் மஞ்சளாகி கை மறையிது. சனம் "அம்மாளாச்சி!" எண்டு கும்பிடுது. மந்திரம் எண்டாலும் பொருந்தும், புளி எண்டாலும் பொருந்தும். படத்துல ஆரும் வாய்திறந்து விளக்கக்கூடாது.

கூத்துக்கொப்பி:
கெட்டித்தனம்தான். ஆனா கணக்கு வாத்தியார் எழுதின பேய்க்கதை மாதிரி இரிக்கி. சனம் கேட்கிறது பேய், நீங்க குடுக்கிறது சவர்க்காரம். மட்டக்களப்பான் மந்திரம் போட்டு வந்தவனைப் பாயோட ஒட்டவைப்பான் எண்டு நாடு முழுக்கச் சொல்லுது. படுவான்கரை மாப்பிள்ளை விடியக்காலம் பாயோட எழும்பினா போதாதா? விளக்கமே வேணாம், கொட்டகை அதிரும்.

வெட்டுமேசை:
பாயை நானும் எடுப்பன், பகிடியா. பசை நாடா பன் புல்லுல இழைச்ச பாயில நிக்காது, வரி வரியா இரிக்கிறதால பிடிமானம் இல்ல. தோள் ரெண்டுலயும் இடுப்பு ரெண்டுலயும் சட்டையோட சேத்துத் தச்சிருங்க. ஒரு பன்னுல மட்டும் ஊசி போட்டா எழும்பக்க கிழியும், நாலஞ்சு பன்னைச் சேத்துப் பிடிக்கணும். ஆனா அதுக்கும் ரெண்டாவது விளக்கம் வைங்க: மாமியார்ட தையல் பெட்டி திறந்து கிடக்கட்டும்.

சம்மாந்துறை ராத்தா:
தையல் பெட்டி மாமியார்டயா, புள்ளடயா? அதையும் சொல்லாம விடுங்க, நல்லாயிரிக்கும்.

ஒரு எச்சரிக்கை. ரெண்டாந்தாரம் முடிச்ச வீட்டுப் புள்ளையப் பேய்ப்புள்ள எண்டு பள்ளிக்கூடத்துல சொல்றது இஞ்ச புதுசில்ல. யுத்தமும் 2004 சுனாமியும் எத்தனை வீட்டை அப்படி ஆக்கினது எண்டு அம்பாறைக் கரையோரத்துல இரிக்கிறவங்களுக்குச் சொல்லத் தேவையில்ல. கடைசியில பேய் எண்டு முத்திரை குத்தினா படம் அந்தப் பட்டத்துக்கு ஒப்பம் வைக்கிற மாதிரித்தான்.

முடிவுக்கு வேற வழி இரிக்கி. புள்ளட வயசைப் பதினொண்டாக்குங்க. மனிசன் அவளைச் சட்டப்படி மகவேற்க (தத்தெடுக்க) நீதிமன்றம் போறார். பத்து வயசுக்கு மேல எண்டா புள்ளட சம்மதமும் வேணும். இவ்வளவு நாளும் அவளுக்குப் பயந்து ஓடினவர் இப்ப அவள்ட ஒரு சொல்லுக்காக நிக்கிறார்.

வாவிக்கரை:
இது வேலை செய்யும். நீதிபதி கேட்கிறார், பிள்ளை மெதுவாத் திரும்பி மனிசனைப் பாக்கிது.

வெட்டுமேசை:
அந்தப் பார்வையை 3 செக்கனுக்கு மேல பிடிக்காதீங்க. பிள்ளையிட்டக் கண் சிமிட்டாத எண்டு சொன்னா நெற்றி சுருங்கி நடிப்புத் தெரியும். லென்சுக்கு ரெண்டு விரல் மேல ஒரு பொட்டு ஒட்டி, மனசுக்குள்ள இருபதுல இருந்து கீழ எண்ணச் சொல்லுங்க. முகம் தானா வெறுமையாகும். பின்னால 40 ஹேர்ட்ஸ் உறுமல் போடாதீங்க, போன்ல பாக்கிறவனுக்கு அது கேட்கவே கேட்காது. 250, 300 பக்கம் ஒரு சத்தம் சேத்தாத்தான் போன் ஸ்பீக்கர்ல வரும். வாவியில கேட்கிற பாடுமீன் சத்தமும் வேணாம், இந்தக் கரையில எடுத்த எல்லாப் படத்துலயும் அது இரிக்கி.

கூத்துக்கொப்பி:
அப்ப என்ட வரவு? மத்தளத்தை முழுசா வெட்டிட்டீங்களா?

சம்மாந்துறை ராத்தா:
வெட்டவேணாம். இடத்தை மாத்துங்க. அந்த வீட்டுக்கு வெளிய இருந்து வாறவர் ஆர்?

கூத்துக்கொப்பி:
அட. மாப்பிள்ளைக்கா?

வெட்டுமேசை:
அதேதான். தலைப்புக்கு முந்தி 40 செக்கன். வாசல்ல ரெண்டு பொம்புளைகள் ஆலாத்தித் தட்டோட சேலையைத் திரை மாதிரிப் பிடிக்கட்டும், அரக்கன் தாளத்துல மத்தளம் போகட்டும். சேலை இறங்கக்க மனிசன் ஒரு சூட்கேசோட நிக்கிறார். கமெரா பிள்ளைட உயரத்துல, யன்னலுக்குள்ள இருந்து.

வாவிக்கரை:
சட்டை எத்தனை சாயம் போடணும்? ஒண்டைத் தேசிக்காய் போட்டு மஞ்சளாக்கி திரும்பப் பாவிக்கலாமா?

வெட்டுமேசை:
ஏலாது. துணியில புளி தங்கினா அடுத்த தடவை சவர்க்காரத்தோட வெட்டுப்பட்டு கை மங்கலாத்தான் வரும். ஒரு தடவைக்கு ஒரு சட்டை. ஆறு வைங்க, பிள்ளை சிரிச்சிப்போட்டா எட்டு.