மறு: சோலோ, பார்ட்டி இரண்டுக்கும் தமிழ்ச்சொல்

நண்பர்களுக்கு வணக்கம்.

இணையத்தில் ஆயிரக்கணக்கானோர் ஒரே உலகில் ஆடும் எம்எம்ஓ விளையாட்டுகளில் தனியாக ஆடுவதை சோலோ என்றும், சிலர் சேர்ந்து ஆடும் அணியை பார்ட்டி என்றும் சொல்கிறோமே, அவற்றுக்கு என்ன தமிழ்ச்சொல் என்பதுதான் இங்கே பேச்சு. மூன்று நாளாக இந்த இழையைப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். நேற்று வந்த மடலைப் பார்த்ததும் சும்மா இருக்க முடியவில்லை.

> தனி, குழு. இரண்டும் எல்லோருக்கும் தெரிந்த சொற்கள். இதற்கு மேல் எதற்கு மெனக்கெட வேண்டும்?

மெனக்கெடத்தான் வேண்டும் ஐயா. எம்எம்ஓ ஆடுகிற யாரும் சாதாரணமாகச் சொல்லும் ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம்: "கில்டிலிருந்து அஞ்சு பேர் பார்ட்டி சேர்ந்து டஞ்சனுக்குப் போனோம், ரெய்டுக்குத்தான் ஆள் சேரவில்லை." (டஞ்சன் என்பது பூதங்கள் நிறைந்த நிலவறை.) கில்ட், பார்ட்டி, ரெய்டு மூன்றுக்கும் குழு என்றே போட்டுப் பாருங்கள். "குழுவிலிருந்து அஞ்சு பேர் குழு சேர்ந்து போனோம், குழுவுக்குத்தான் ஆள் சேரவில்லை." படிக்கிறவர் நம்மை ஒரு மாதிரி பார்ப்பார். போதாததற்கு வாட்ஸ்அப்பிலும் குழு, விசாரணை நடத்தவும் குழு.

மூன்றும் வேறு வேறு. கில்ட் என்கிற ஆட்டக்காரர் அமைப்பு நிலையானது, ஆள் மாறினாலும் பெயர் நிற்கும். அதற்குச் சங்கம் என்று இங்கே ஏற்கெனவே ஒருவர் சொல்லிவிட்டார், எனக்கு மறுப்பில்லை. பார்ட்டி ஒரு வேலைக்காகச் சேர்ந்து அது முடிந்ததும் கலைவது. அதில் எத்தனை பேர் என்பதை விளையாட்டே வகுத்துவிடும். எவர்குவெஸ்டில் 6, வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டில் 5, ஃபைனல் ஃபேன்டசி 14இல் 4 அல்லது 8. ரெய்டு என்றால் பல பார்ட்டிகள் ஒன்றாகச் சேர்வது. வார்கிராஃப்டின் ஆரம்ப காலத்தில் பெரிய ரெய்டுக்கு 40 பேர் வேண்டும். 2007இல் வந்த விரிவாக்கத்தில் 25 என்றும் 10 என்றும் குறைத்தார்கள். 40 பேரை ஒரே நேரத்தில் உட்கார வைப்பது கல்யாணப் பந்தியில்தான் நடக்கும்.

> இயந்திர மொழிபெயர்ப்பில் பார்ட்டி என்று போட்டால் 'கட்சி' வருகிறது :-)

சிரிக்க வேண்டாம், எங்கள் ஊரில் சடுகுடு ஆடும்போது கட்சி பிரிப்பது என்றுதான் சொல்வோம். "நீ எந்தக் கட்சி?" என்று கேட்டால் யாருக்கும் தேர்தல் நினைவு வராது. ஆனால் கட்சி என்றால் எதிர்க்கட்சி ஒன்று வேண்டும். டஞ்சனுக்குள் போகிற ஐந்து பேருக்கு எதிரில் இருப்பது பூதமும் டிராகனும். ஆளுக்கு ஆள் மோதும் களங்களில் வேண்டுமானால் கட்சியை வைத்துக்கொள்ளலாம்.

நான் ஆசையாகக் கொண்டுவந்த சொல் வேறு: சாத்து. வணிகர்கள் பொதிக்கழுதைகளோடு சேர்ந்து போகும் கூட்டத்துக்குப் பழைய பெயர். பெரும்பாணாற்றுப்படையில் மிளகு சுமந்த கழுதைச் சாத்து சுங்கவழியில் போகிறது. கோவலனின் தந்தை மாசாத்துவான் பெயரிலும் இதே சாத்துதான். தனியாகப் போனால் ஆறலைக்கள்வர் கையில் சிக்க வேண்டியதுதான் என்பதால் முன்பின் தெரியாதவர்கள்கூடச் சேர்ந்து போவார்கள், ஊர் வந்ததும் பிரிவார்கள். இதைவிடப் பொருத்தமாக எங்கே கிடைக்கும்? சரி, பேச்சில் போட்டுப் பார்த்தேன். "சாத்துல சேர்றியா?" என்று நண்பனுக்கு எழுதினேன். "யாரைச் சாத்தணும்?" என்று பதில் வந்தது. கதவைச் சாத்து, நாலு சாத்து சாத்து. இந்த இரண்டும் இருக்கும்வரை மூன்றாவது பொருளை யாரும் நினைக்கப் போவதில்லை. வருத்தத்தோடு எடுத்துக்கொள்கிறேன்.

ஆக, பார்ட்டிக்கு என் வாக்கு கூட்டு. சமையலறைக் கூட்டு குறுக்கே வரும் என்று சொன்னார்கள், வந்தால் என்ன? "அவனோட கூட்டு சேராதே" என்று திட்டு வாங்காதவர் உண்டா? இந்தச் சொல்லுக்குக் குடும்பம் தயாராக இருக்கிறது. கூட்டுச் சேர், கூட்டைக் கலை, உள்ளே இருப்பவர் கூட்டாளி. ரெய்டுக்குப் பெருங்கூட்டு. கலைச்சொல் பட்டியலில் பெயர்ச்சொல்லை மட்டும் எழுதிவிட்டு வினையை மறந்துவிடுகிறோம். வினையாக மாறாத சொல் விளையாடும் இடத்தில் ஒரு இரவுகூடத் தாங்காது. அரட்டைப் பெட்டியில் தட்டச்சு செய்ய இரண்டு நொடிதான் கிடைக்கும், அதற்குள் பூதம் அடித்துவிடும்.

அதே காரணத்தால்தான் கூட்டைத் தேடுகிறேன், இன்னும் ஆள் தேடுகிறோம் என்று அரட்டையில் போடும் எல்எஃப்ஜி, எல்எஃப்எம் என்ற சுருக்கங்களுக்கு யாரும் புதிதாக ஆக்க வேண்டாம் என்கிறேன். கூட்டுக்கு ஆள் குறைந்தால் "ஆள் தேவை", கூட்டைத் தேடுகிறவர் "இடம் இருக்கா?" கடை வாசல் அட்டையிலும் பேருந்திலும் பழகியவை.

சோலோவுக்கு வருவோம். அதற்குத் தனி ஆவர்த்தனம் என்ற சொல்லைக் கொண்டுவந்தவருக்கு ரசனை இருக்கிறது. ஆனால் கச்சேரியில் மிருதங்கம் வாசிக்கும்போது பாடகர் தாளம் போட்டுக்கொண்டு பக்கத்தில் இருப்பார். சோலோ ஆடுகிறவருக்கு யார் தாளம் போடுகிறார்கள்? தனியாட்டம் என்பதிலும் ஒரு சிக்கல். ஒருவர் மட்டுமே ஆடும்படி செய்யப்பட்ட விளையாட்டுக்கும் அதையே சொல்லிவிடுவோம். அது விளையாட்டின் தன்மை, அதைத் தனியாள் விளையாட்டு என்று வைத்துக்கொள்ளலாம். ஆயிரம் பேர் உலவும் உலகில் ஒருவர் தனியாக ஆடுவது அவர் எடுத்த முடிவு. அதற்குத் தனித்தாடல். "நான் தனித்தே ஆடுறேன்" என்று பேச்சிலும் தானாக வருகிறது.

இதுவரைக்கும் பெரிய சண்டை இருக்காது என்று நினைக்கிறேன். நான் மடல் எழுத உட்கார்ந்தது இதற்காக அல்ல. தனித்தாடல், கூட்டு என்று இரண்டு சொல் செய்துவிட்டு எழுந்துபோனால், இந்த விளையாட்டுகளில் பெரும்பாலான நேரம் நடப்பதற்குப் பெயரே இருக்காது.

என் கதையைச் சொல்கிறேன். வார்கிராஃப்டில் நான் சண்டை போட்டதைவிட மீன் பிடித்தது அதிகம். ஒரே குளத்தில் இன்னொருவரும் தூண்டில் போட்டுக்கொண்டிருப்பார். பல வாரம் பார்த்திருக்கிறோம், ஒரு வார்த்தை பேசியதில்லை. வந்தால் அவர் பாத்திரம் ஒரு கும்பிடு போடும், நானும் போடுவேன். வழியில் போகும் யாரோ ஒரு பூசாரி, கேட்காமலேயே என்மேல் காப்பு மந்திரம் ஒன்றைப் போட்டுவிட்டு நிற்காமல் போவார். இது கூட்டா? இல்லை, சேர்க்கையும் இல்லை, பங்கும் இல்லை. தனித்தாடலா? அப்படியானால் அந்த ஆள் வராத நாள் குளம் ஏன் வெறிச்சென்று இருந்தது?

இது என் ஒருவன் அனுபவம் அல்ல. 2006இலேயே நிக்கோலா டூஷெனோ, நிக் யீ உள்ளிட்ட நால்வர் வார்கிராஃப்ட் ஆட்டக்காரர்களைக் கவனித்து ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். சேர்ந்து ஆடுவது, குறிப்பாக ஆரம்ப நிலைகளில், எதிர்பார்த்த அளவுக்கு நடக்கவில்லை. மற்றவர்களோடு ஆடுவதைவிட மற்றவர்கள் சூழ ஆடுகிறார்கள். சுற்றி இருப்பவர் பார்வையாளராகவும் வேடிக்கையாகவும் துணையாகவும் இருக்கிறார் என்பது அவர்கள் கண்டது.

விளையாட்டின் விதிகளும் இதை வளர்க்கும், கெடுக்கும். 1999இல் வந்த எவர்குவெஸ்டில் நெக்ரோமான்சர், டிரூயிட் போன்ற சில பாத்திர வகைகள் தவிர மற்றவர்களுக்கு மேல்நிலைகளில் தனித்தாடுவது பெரும்பாடாக இருந்தது. அடி தாங்க ஒருவர், காயம் ஆற்ற ஒருவர், பூதங்களை மயக்கி நிறுத்த ஒருவர் என்று கூட்டு இல்லாமல் அன்று நகர முடியாது. வார்கிராஃப்ட் வந்ததும் எந்த வகைப் பாத்திரமும் 60ஆம் நிலைவரை தனியாகவே ஏறலாம் என்றாயிற்று. ஆனால் அன்று அங்கே பூதத்தை முதலில் தொட்டவருக்கே அதன் பரிசு. அடுத்தவருக்கு அதன் பெயர்ப்பட்டை சாம்பல் நிறமாகிவிடும். அதனால் பக்கத்தில் வருகிறவர் போட்டியாளர். 2012இல் கில்ட் வார்ஸ் 2 இதைத் திருப்பிப் போட்டது. அடித்த எல்லோருக்கும் தனித்தனிப் பரிசு, ஒரே சுரங்கக்கல்லை எல்லோரும் தோண்டலாம், விழுந்து கிடப்பவரை யாரும் எழுப்பலாம். கூட்டுச் சேராமலேயே ஐம்பது பேர் ஒரு பெரும்பூதத்தை வீழ்த்திவிட்டு ஆளுக்கொரு திசையில் போவார்கள். இதற்கு என்ன பெயர்?

> 'உடனாடல்' போதுமே

யோசித்தேன். உடன் என்றதும் சேர்க்கை வந்துவிடுகிறது. உடன்கட்டை, உடன்படிக்கை, உடன்பிறப்பு எல்லாம் இறுக்கமான கட்டு. நமக்கு வேண்டியது கட்டு இல்லாத அண்மை.

குழந்தைகளைக் கவனித்தவர்கள் இதற்கு முன்பே இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். 1932இல் அமெரிக்க ஆய்வாளர் மில்ட்ரெட் பார்ட்டன் சிறு பிள்ளைகளின் ஆட்டத்தை வகை பிரித்தபோது, தனியே ஆடுவதற்கும் சேர்ந்து ஆடுவதற்கும் நடுவில் ஒன்றை வைத்தார். இரண்டு பிள்ளைகள் ஒரே மணலில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து அவரவர் வீட்டைக் கட்டுவார்கள், ஒருவர் வேலையில் மற்றவர் கை வைக்க மாட்டார். ஆனால் தள்ளி உட்காரவும் மாட்டார்கள். எங்கள் குளமும் அந்த மணல்தான்.

என் முன்மொழிவு அருகாட்டம். வினை: அருகாடு. அருகாடுகிறார்கள், அருகாடினோம். "அருகி வரும் இனம்" என்பதில் உள்ள அருகுதல் குழப்பாதா என்று கேட்பீர்கள். வாக்கியத்தில் வைத்தால் குழப்பவில்லை: "கில்ட் வார்ஸ் 2 அருகாட்டத்துக்கு ஏற்றது, பழைய எவர்குவெஸ்ட் கூட்டுக்கு." பேச்சில் யாரும் அருகாடுறேன் என்று சொல்லமாட்டார்கள் என்பதை ஒப்புக்கொள்கிறேன். நான் மேலே போட்ட வினைத் தேர்வில் என் சொல்லே பாதி மதிப்பெண்தான் வாங்குகிறது. ஆனால் இது ஆடும்போது தட்டச்சு செய்யும் சொல் இல்லை, ஆட்டத்தைப் பற்றி எழுதும்போது வேண்டிய சொல். கொஞ்சம் சலுகை தாருங்கள்.

ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப் என்ற விளையாட்டின் அயர்ன்மேன் முறை பற்றியும் கேட்டிருந்தார்கள். 2014இல் வந்தது. மற்றவரோடு பண்டமாற்று கிடையாது, வேண்டியதை எல்லாம் தானே தேட வேண்டும். இரும்பு மனிதன் என்று பெயர்ப்பதில் பயனில்லை. தன் கையே தனக்கு உதவி என்பதிலிருந்து தன்கையாட்டம் என்று எடுத்தால் பொருள் தானே விளங்கும். 2021இல் இதற்கே கூட்டு வடிவம் வந்தது, 2 முதல் 5 பேர் தங்களுக்குள் மட்டும் கொடுத்து வாங்கலாம். தனி எதிர் கூட்டு என்று இரண்டே கட்டம் போட்டவர்கள் இதை எந்தக் கட்டத்தில் வைப்பார்கள் என்று தெரிந்துகொள்ள ஆசை.

கடைசியாக, ஒன்றும் செய்யாமல் கூட்டில் ஒட்டிக்கொண்டு பரிசு வாங்குகிறவருக்கு 'ஒப்புக்குச் சப்பாணி' என்று ஒருவர் எழுதியிருந்தார். வாய்விட்டுச் சிரித்தேன். ஆனால் சப்பாணி என்பது ஊனத்தைச் சுட்டும் சொல், பட்டியலில் ஏற்ற வேண்டாம். 'தொற்றி' என்று வைக்கலாமா?

அடி தாங்கும் டேங்க், காயம் ஆற்றும் ஹீலர், அடித்து வீழ்த்தும் டிபிஎஸ் மூன்றையும் இதே மடலில் இழுத்தால் நீண்டுவிடும். தனி இழை தொடங்குகிறேன். தயவுசெய்து ஹீலருக்கு 'மருத்துவர்' என்று மட்டும் யாரும் ஆரம்பிக்காதீர்கள்.

அன்புடன்,
குளக்கரை ஆள்