அன்று தோற்ற அறிவியல் புனைவுப் படங்கள் இன்று கொண்டாடப்படுவது ஏன்?

உவர்மலை வாசகர்:
திருகோணமலையில் நண்பர்கள் கூடி, 1982இல் வெளியான ‘பிளேட் ரன்னர்’ பார்த்தோம். ஓயாத மழையும் புகையும் நியான் விளக்குகளுமாக விரியும் அந்த நகரத்தைக் கண்டபின், இப்படம் திரையரங்குகளில் ஓடவில்லை என்பதை எங்களால் நம்ப முடியவில்லை. அன்று கைவிட்ட படத்தை இன்று தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுவது ஏன்?

நிலாவெளி ரசிகன்:
‘ஈ.டி.’ வெளியாகி இரண்டு வாரங்களில், ஜூன் 25ஆம் திகதி, ‘பிளேட் ரன்னர்’, ‘தி திங்’ இரண்டும் அமெரிக்காவில் ஒரே நாளில் வெளியாகின. அன்பான வேற்றுக்கிரகவாசியிடம் மனதைப் பறிகொடுத்திருந்த மக்களுக்கு இவற்றின் இருள் ஒட்டவில்லை. வீடியோ நாடாக்களே பின்னர் இவற்றை வாழவைத்தன. மேலும், ‘பிளேட் ரன்னர்’ படத்தில் முதலில் இருந்த பின்னணிக் குரலும் இனிய முடிவும் 1992ஆம் ஆண்டுப் பதிப்பில் நீக்கப்பட்டன. என் பார்வையில் படம் அங்குதான் முழுமை பெற்றது.

கோணேசர் வீதி:
நண்பரே, 1968இல் வந்த ‘2001: எ ஸ்பேஸ் ஒடிசி’யையும் மறவாதீர்கள். இயக்குநர் குப்ரிக்குடன் அதன் திரைக்கதையை எழுதிய ஆர்தர் சி. கிளார்க், 1956இல் நம் சுவாமி மலையடிக் கடலில் சுழியோடிக் கோணேசர் ஆலயச் சிதைவுகளைக் கண்டவர்களுள் ஒருவர். விண்கலத்தில் மிதக்கும் பேனாவைக் கவனியுங்கள்: கண்ணாடித் தட்டில் ஒட்டிச் சுழற்றியே அதை மிதக்கவிட்டார்கள். கணினி வரைகலை இல்லாத அக்கைவேலை இன்றும் கண்ணை உறுத்துவதில்லை.

உவர்மலை வாசகர்:
மிக்க நன்றி. அடுத்து அதையே திரையிடுகிறோம். தாங்களும் அவசியம் வாருங்கள்.