635 சிஎஸ்ஐ: நெடும்பயணக் காரைச் சாலையில் ஓடும் பந்தயக் காராக்க எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி

வணக்கம். நான் ஜெர்மனியில் கோப்லென்ஸ் நகருக்கு அருகில் வசிக்கிறேன். என்னிடம் 1985ஆம் ஆண்டின் பி.எம்.டபிள்யூ 635 சிஎஸ்ஐ கார் நான்கு ஆண்டுகளாக இருக்கிறது. ஆறு சிலிண்டர்களும் 3430 சி.சி. கொள்ளளவும் கொண்ட எஞ்சின், 218 குதிரைத்திறன், ஐந்து கியர். பழைமைச் சின்னமான ‘எச்’ எழுத்துப் பலகையுடன் பதிவாகியிருக்கிறது. நெடுஞ்சாலையில் நாள் முழுவதும் ஓட்டினாலும் உடல் வலிக்காத கார் இது என்பதை இதை ஓட்டியவர்கள் அறிவார்கள்.

சென்ற கோடையில் முதல்முறையாக இதை நூர்பர்க்ரிங் பந்தயத் தடத்தின் வடக்குச் சுற்றுக்குக் கொண்டுசென்றேன். முதல் சுற்று முடிவதற்குள் பிரேக் பெடல் பஞ்சுபோல் ஆகிவிட்டது; வளைவுகளில் கார் ஒரு பக்கமாகச் சாய்ந்து, நிமிர்வதற்கு நேரம் எடுத்துக்கொண்டது. ஆனாலும் அன்று மாலை வீடு திரும்பும்போது, இந்தக் கார் பந்தயக் காராகவும் இருக்க முடியும் என்ற எண்ணம் மனத்தில் ஊன்றிவிட்டது. பதிவுப் பலகையுடன் வீட்டிலிருந்து ஓட்டிச் சென்று, சுற்றில் ஓட்டி, அதே காரில் திரும்ப வேண்டும், டிரெய்லர் வேண்டாம்.

என் திட்டம் இது. முதலில் எஞ்சினை 280 குதிரைத்திறன் அளவுக்கு உயர்த்துவது. அடுத்து உள்ளே இருக்கும் இருக்கைகள், கம்பளங்கள் அனைத்தையும் அகற்றிவிட்டு முழு ரோல் கேஜ் (கார் கவிழ்ந்தாலும் உள்ளிருப்பவரைக் காக்கும் எஃகுக் குழாய்க் கூண்டு) பொருத்துவது. எடையைக் குறைக்கவும் சாலையின் உணர்வு கைக்குக் கிடைக்கவும் பவர் ஸ்டீயரிங்கை நீக்குவது. ஸ்பிரிங்குகளை மாற்றி 6 சென்டிமீட்டர் தாழ்த்துவது. இந்த வரிசை சரியா?

மறுமொழி 1

வணக்கம் நண்பரே. முப்பது ஆண்டுகளாக இந்த எஞ்சின் குடும்பத்தோடு பழகியவன் என்ற முறையில் சொல்கிறேன்: உங்கள் வரிசையைத் தலைகீழாக்குங்கள். எஞ்சினைக் கடைசியில் தொடுங்கள். தொடாமலே விட்டாலும் நட்டமில்லை.

காரணத்தைக் கணக்காகவே காட்டுகிறேன். உங்கள் கார் ஓட்டுநரோடும் எரிபொருளோடும் சேர்ந்து சுமார் 1550 கிலோ இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். அதை 200 கி.மீ. வேகத்திலிருந்து 80 கி.மீ. வேகத்துக்கு ஒரே மிதியில் குறைத்தால் பிரேக்குகள் விழுங்க வேண்டிய ஆற்றல் ஏறக்குறைய 20 லட்சம் ஜூல். ஆறு லிட்டர் தண்ணீரைச் சாதாரண நிலையிலிருந்து கொதிக்கவைக்கப் போதுமான வெப்பம் அது. அத்தனையும் சில நொடிகளில் நான்கு டிஸ்க்குகளுக்குள் இறங்குகிறது. எஞ்சினின் வலிமையைக் கூட்டி அதே வளைவுக்கு 220இல் வந்து சேர்ந்தால், அதே 80க்குக் குறைக்க ஏறத்தாழ கால் பங்கு கூடுதல் வெப்பம் பிறக்கும். ஏற்கெனவே தளர்ந்த பிரேக்கின் மேல் நீங்கள் சுமத்த நினைப்பது இந்தச் சுமையைத்தான். மாறாக, 150 கிலோ எடையைக் குறைத்தால் அந்த வெப்பம் பத்தில் ஒரு பங்கு குறையும். அதோடு வளைவு, ஏற்றம், டயர் தேய்மானம் எல்லாவற்றிலும் அந்தக் குறைவு உங்கள் பக்கம் நிற்கும்.

பெடல் பஞ்சானதற்குப் பெரும்பாலும் பிரேக் திரவம் கொதித்ததே காரணம். டாட் 4 வகைத் திரவம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது விதி. ஈரம் உறிஞ்சிய பிறகு அந்த எல்லை 155 டிகிரியாக இறங்கிவிடும். கொதித்துப் பிறந்த ஆவிக் குமிழ்கள் அழுத்தத்தில் சுருங்குவதால், பெடல் தரையைத் தொட்டாலும் கார் நிற்காது. எனவே முதல் செலவு புதிய திரவம், புதிய ரப்பர்க் குழாய்கள், சாலைக்கு அனுமதி பெற்றவற்றுள் வெப்பம் தாங்கும் பிரேக் பேட்கள், முன் டிஸ்க்குகளுக்குக் காற்றைக் கொண்டுவரும் குழாய்கள் ஆகியவற்றுக்காக இருக்கட்டும்.

எடையைக் குறைத்தே ஒரு நெடும்பயணக் காரைப் பந்தயக் காராக்கலாம் என்பதை இதே நிறுவனம்தான் செய்து காட்டியது. உங்கள் காரின் முன்னோடியான 3.0 சிஎஸ் வசதி மிகுந்த இரண்டு கதவு கூப்பே. அதிலிருந்து 1970களின் தொடக்கத்தில் 3.0 சிஎஸ்எல் பிறந்தது. பெயரின் கடைசி எழுத்து எடைக் குறைப்பைக் குறிக்கும் ஜெர்மன் சொல்லின் முதலெழுத்து. கதவுகள், முன்மூடி, பின்மூடி அலுமினியத்தால் செய்யப்பட்டன. மெல்லிய எஃகுத் தகடுகள் பயன்பட்டன. ஒலித்தடுப்பு பெரும்பாலும் நீக்கப்பட்டது. ஏறத்தாழ 200 கிலோ இறங்கியது. முதலில் வந்த சிஎஸ்எல் கார்களின் எஞ்சின் சாதாரணக் காரில் இருந்ததேதான் என்பதைக் கவனியுங்கள். எஞ்சின் பிறகுதான் படிப்படியாக 3153 சி.சி. வரை வளர்ந்தது. 1973இல் அந்தக் காரின் பந்தய வடிவம் ஐரோப்பிய டூரிங் கார் போட்டியை வென்றது. அதே ஆண்டு நூர்பர்க்ரிங் ஆறு மணி நேரப் பந்தயத்தை கிறிஸ் ஏமனும் ஹான்ஸ் ஸ்டுக்கும் அதில் வென்றார்கள்.

மறுமொழி 2

மேலே எழுதியவர் சொன்னவற்றை வழிமொழிகிறேன். ஆனால் உங்கள் திட்டத்தில் ஒரு வரி என்னைப் பதறவைத்தது. அதை உடனே அடித்துவிடுங்கள். பவர் ஸ்டீயரிங்கை நீக்காதீர்கள்.

உங்கள் காரின் பிரேக் பூஸ்டர், அதாவது மிதியின் விசையைப் பெருக்கித் தரும் கருவி, பெரும்பாலான கார்களில் உள்ளதைப்போல எஞ்சினின் வெற்றிடத்தில் இயங்குவதில்லை. ஸ்டீயரிங்குக்கு எண்ணெய் அழுத்தம் தரும் அதே பம்ப்தான் பிரேக்குக்கும் உதவி தருகிறது. அந்த அழுத்தத்தைச் சேமித்துவைக்க எஞ்சின் அறையில் உருண்டையான ஒரு கலம் இருக்கும். இங்குள்ள மெக்கானிக்குகள் அதை ‘குண்டு’ என்றே சொல்வார்கள். பம்பை எடுத்தால் பிரேக் உதவியும் போய்விடும். எனக்குத் தெரிந்த ஒருவருடைய காரில் ஒரு பட்டறை இதை அறியாமல் பம்பையும் குழாய்களையும் கழற்றிவிட்டது. பட்டறை வாசலைத் தாண்டி முதல் சிவப்பு விளக்கில் அவர் இரண்டு காலாலும் மிதித்துத்தான் காரை நிறுத்தினார். நல்லவேளையாக முன்னால் வேறு வண்டி இல்லை.

அந்தக் குண்டை இன்றே சோதியுங்கள். எஞ்சினைச் சற்று நேரம் ஓடவிட்டு அணைத்துவிட்டு பெடலைத் திரும்பத் திரும்ப மிதியுங்கள். நல்ல குண்டாக இருந்தால் பல முறை மிதித்த பிறகே பெடல் கல்லாகும். ஓரிரு மிதியிலேயே கல்லானால் குண்டு செத்துவிட்டது என்று பொருள். அதை மாற்றாமல் வேறு எதையும் செய்யாதீர்கள்.

வால்வு மூடியைக் கழற்றும்போது இன்னொன்றையும் பாருங்கள். வால்வுகளை இயக்கும் தண்டான கேம்ஷாஃப்ட்டுக்கு மேலே எண்ணெய் தெளிக்கும் மெல்லிய குழாய் ஒன்று போல்ட்களால் பிடிக்கப்பட்டிருக்கும். இந்த எஞ்சினில் அவை காலப்போக்கில் தளர்வது எல்லோருக்கும் தெரிந்த நோய். தளர்ந்தால் எண்ணெய் சேர வேண்டிய இடத்துக்குச் சேராமல் கேம் தேய்ந்துபோகும். கையளவு வேலை, எஞ்சினையே காப்பாற்றும்.

6 சென்டிமீட்டர் தாழ்த்துவதும் வேண்டாம். இந்தக் காரின் பின்சக்கரத் தாங்கிகள் சாய்வாக அமைந்தவை. கார் தாழத் தாழச் சக்கரத்தின் மேல்விளிம்பு உள்ளே சாயும், சக்கரம் நோக்கும் திசையும் மாறும். வளைவின் நடுவில் திடீரென்று ஆக்சிலரேட்டரை விட்டால் காரின் பின்பகுதி சுழல முனைவது இந்த அமைப்பின் பிறவிக் குணம். அதிகம் தாழ்த்தினால் அக்குணம் முற்றும். 3 சென்டிமீட்டர் போதும். அதற்கும் முன்னால், பின்சட்டத்தைப் பிடித்திருக்கும் நாற்பது ஆண்டுப் பழைய ரப்பர் புஷ்களை (அதிர்வு தாங்கும் இணைப்பு உருளைகளை) மாற்றுங்கள். வளைவில் நீங்கள் உணர்ந்த தள்ளாட்டத்தில் பெரும்பகுதி அங்கிருந்து வந்திருக்கலாம்.

மறுமொழி 3

சட்டத்தைப் பற்றி யாரும் பேசவில்லை என்பதால் எழுதுகிறேன். பாகங்களை வாங்குவதற்கு முன்பே, பட்டியலை எடுத்துக்கொண்டு வாகன ஆய்வு மையப் பொறியாளரை நேரில் பாருங்கள். ஜெர்மனியில் ஆபத்தை விளைவிக்கக்கூடிய மாற்றத்தைப் பதிவில் ஏற்றாமல் செய்தால் வாகனத்தின் இயக்க அனுமதியே செல்லாமல் போகும். ‘எச்’ பலகைக்கு இன்னொரு நிபந்தனையும் உண்டு: மாற்றங்கள் அந்தக் காலத்தைச் சேர்ந்தவையாக, பொதுவாகக் காரின் முதல் பத்து ஆண்டுகளுக்குள் செய்திருக்கக்கூடியவையாக இருக்க வேண்டும். உங்கள் காருக்கு அந்த எல்லை 1995 வரை வரும். அந்தக் காலத்தில் இந்த உடற்கட்டில் நிறையச் செய்யப்பட்டிருப்பதால் இது உங்களுக்குச் சாதகமே. இதே காரின் வேக வடிவமான எம்635 சிஎஸ்ஐயின் பெரிய பிரேக்குகளும், பி.எம்.டபிள்யூ கார்களை மேம்படுத்தி விற்ற அல்பினா நிறுவனத்தின் 245 குதிரைத்திறன் கொண்ட பி9 காரின் அமைப்புகளும் கைகாட்டி மரங்களாக நிற்கின்றன.

டயர் உங்கள் கேள்வியிலேயே இல்லை. காரில் இன்னும் தனி வகை டயர் மட்டுமே பொருந்தும் 390 மில்லிமீட்டர் டிஆர்எக்ஸ் சக்கரங்கள் இருந்தால், அவற்றுக்கு டயர் கிடைப்பது அரிது, விலையும் மிக அதிகம். அக்காலப் பாணியிலான 16 அங்குலச் சக்கரங்களுக்கு மாறினால் நல்ல டயர்களில் தேர்வு கிடைக்கும். பெரிய பிரேக்குக்கும் இடம் கிடைக்கும்.

முழு ரோல் கேஜ் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. பந்தயத்தில் ஓட்டுநர் தலைக்கவசம் அணிந்து, இருக்கையோடு இறுகக் கட்டப்பட்டிருப்பார்; அங்கே கேஜ் உயிரைக் காக்கும். கடைக்குப் போகும் சாலையில் நீங்கள் தலைக்கவசம் அணிவதில்லை. பக்கவாட்டில் ஒரு வண்டி இடித்தாலே உங்கள் தலை அந்த எஃகுக் குழாயில் மோதக்கூடும். நீங்கள் இதைச் சாலையிலும் ஓட்டப்போகிறீர்கள் என்பதால் இருக்கைகளுக்குப் பின்னால் மட்டும் நிற்கும் அரைக் கேஜ் போதும். பின் இருக்கைகளை நீக்கினால் இரண்டு இருக்கை என்று பதிவிலும் மாற்றிக்கொள்ளுங்கள். வடக்குச் சுற்றில் பொது ஓட்ட நாள்களில் சாலை விதிகளே செல்லும். வலப்பக்கம் முந்தக் கூடாது, நேரம் அளந்து ஓட்டக் கூடாது. காப்பீட்டு ஒப்பந்தத்தின் சிறு எழுத்துகளையும் படித்துவிடுங்கள்.

மறுமொழி 4

எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. ஒழுங்காகப் பேணப்பட்ட 635 ஆண்டுதோறும் குறைந்துவருகிறது. வெட்டிய தகட்டை மீண்டும் ஒட்ட முடியாது. சிஎஸ்எல்லின் வரலாற்றில் மேலே சொல்லாத ஒரு பகுதியும் இருக்கிறது. இங்கிலாந்துக்குச் சென்ற 500 கார்களில் இறக்குமதியாளர்கள் மின்சன்னல் முதலான வசதிகளைத் திருப்பிச் சேர்க்க வைத்தார்கள். சாலையில் அன்றாடம் ஓட்டுபவர்களுக்கு அந்த வறட்சி பிடிக்கவில்லை. 1973இல் வந்த பெரிய பின்சிறகு ஜெர்மன் சாலைக்கு அனுமதி பெறாததால், பொருத்தாமலே டிக்கியில் வைத்துக் கொடுக்கப்பட்டது. தயாரித்தவர்களே இவ்வளவு விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது.

எனவே கழற்றும் ஒவ்வொன்றையும் பெயரெழுதிப் பெட்டியில் வையுங்கள். எதையும் அறுக்கவோ புதிதாகத் துளையிடவோ வேண்டாம். வேகத்துக்காக ஏங்குகிறவர் நீங்கள் என்றால் 1984ஐ நினைத்துப் பாருங்கள். பின்னாளில் டிடிஎம் என்று புகழ்பெற்ற ஜெர்மன் டூரிங் கார் போட்டியின் முதல் ஆண்டுப் பட்டத்தை ஃபோல்கர் ஸ்ட்ரைட்செக் இதே 635 சிஎஸ்ஐயில்தான் வென்றார். அந்த ஆண்டில் அவர் ஒரு பந்தயத்தில்கூட முதலிடம் பெறவில்லை. தொடர்ந்து ஒழுங்காக ஓட்டிப் புள்ளிகளைச் சேர்த்தே பட்டம் பெற்றார்.

கேட்டவரின் பதில்

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று மாலையே சோதித்தேன். இரண்டாவது மிதியில் பெடல் கல்லாகிவிட்டது. இந்த நிலையில்தான் சுற்றில் ஓட்டியிருக்கிறேன் என்று நினைக்கும்போது உள்ளங்கை வேர்க்கிறது. புதிய குண்டுக்குச் சொல்லிவிட்டேன். எஞ்சின் திட்டத்தையும் முழு கேஜையும் கைவிடுகிறேன். இந்தக் குளிர்காலத்தில் பிரேக், புஷ்கள், 16 அங்குலச் சக்கரங்கள். பின் இருக்கையும் ஒலித்தடுப்பும் மட்டும் அகற்றப்படும். ஒலியைத் தடுக்கக் காரின் தரையில் ஒட்டியிருக்கும் தார் விரிப்புகளை எப்படி எடுப்பது?

மறுமொழி 1

உலர்பனிக்கட்டியை வாங்கி அவற்றின் மேல் பரப்பி, கால்மணி நேரம் விடுங்கள். விரிப்பு இறுகி உடையும் தன்மைக்கு வந்ததும் ரப்பர்ச் சுத்தியலால் மெல்லத் தட்டினால் மண்ணோட்டைப்போல் சில்லுசில்லாகப் பெயர்ந்துவரும்; தீயும் வேண்டாம், சுரண்டவும் வேண்டாம். கதவுகளையும் கொட்டகையையும் திறந்தே வைத்துக்கொள்ளுங்கள், ஏனெனில் அந்தப் பனியிலிருந்து வரும் கரியமிலவாயு மூடிய இடத்தில் மூச்சை அடைக்கும்; தடித்த கையுறையும் அணியுங்கள். பெயர்ந்த துண்டுகளை ஒரு சாக்கில் போட்டுத் தராசில் நிறுத்து, எத்தனை கிலோ என்பதை இங்கே எழுதுங்கள்.