பழைய ஓப்பன்டபிள்யூஆர்டி ரவுட்டரில் டிராப்பேர்: கீ வைத்தும் பாஸ்வேர்டு கேட்கிறது, வெளியிலிருந்து இணைப்பும் வேண்டும்

பாக்கெட்பறவை

வணக்கம். 8 எம்பி ஃபிளாஷ், 64 எம்பி ராம் உள்ள ரவுட்டர். ஓப்பன்டபிள்யூஆர்டி 18.06 (ரவுட்டருக்கான திறமூல இயங்குதளம்) ஓடுகிறது. அதில் எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து கட்டளை கொடுக்கும் மறைகுறியாக்கப்பட்ட இணைப்பு) சர்வராக இருப்பது டிராப்பேர். பாஸ்வேர்டுக்குப் பதிலாக நுழைய ஈடி25519 வகையில் கீ ஜோடி உருவாக்கி, பப்ளிக் கீயை ரூட் பயனரின் ஹோம் அடைவில் .எஸ்எஸ்ஹெச் அடைவுக்குள் ஆதரைஸ்டு-கீஸ் கோப்பாகப் போட்டிருக்கிறேன். அனுமதி 600. ஆனாலும் பாஸ்வேர்டுதான் கேட்கிறது.

லேப்டாப்பில் ஓப்பன்எஸ்எஸ்ஹெச் 9-வரிசை. ஹோஸ்ட் கீ (ரவுட்டர் தன்னை அடையாளம் காட்டும் கீ) வகை பொருந்தவில்லை என்று முதலில் மறுத்தது. ஹோஸ்ட்கீஅல்காரிதம்ஸ் அமைப்பில் எஸ்எஸ்ஹெச்-ஆர்எஸ்ஏ-வைக் கூட்டிச் சேர்த்த பிறகுதான் உள்ளே விட்டது. எஸ்சிபி-யில் கோப்பு அனுப்பினால் எஸ்எஃப்டிபி-சர்வர் இல்லை என்று சொல்லி அறுந்துவிடுகிறது.

பாஸ்வேர்டு நுழைவை முழுவதும் மூட வேண்டும். வெளியூரிலிருந்தும் உள்ளே போக வேண்டும். வான் (இணையம்) பக்கம் எஸ்எஸ்ஹெச்-இன் 22-ஆம் போர்ட்டைத் திறந்துவிட்டால் போதுமா?

ரூட்டர்பட்டறை

22-ஐ வான் பக்கம் திறக்காதீர்கள். அதைப் பற்றிக் கீழே யாராவது விரிவாக எழுதுவார்கள், நான் கீ விஷயத்தைச் சொல்கிறேன். உங்களிடம் இரண்டு தடங்கல்கள் ஒன்றாகச் சேர்ந்திருக்கின்றன. ஒன்றை மட்டும் சரிசெய்தால் பலன் தெரியாது.

முதலாவது, கோப்பின் இடம். ரூட் பயனருக்கு இந்த டிராப்பேர் பார்ப்பது ஹோம் அடைவை அல்ல. /ஈடிசி/டிராப்பேர்/ அடைவுக்குள் இருக்கும் ஆதரைஸ்டு-கீஸ் கோப்பைத்தான். அடைவுக்கு 700, கோப்புக்கு 600 கொடுங்கள். மற்றவர்கள் எழுதக்கூடிய அனுமதி இருந்தால் டிராப்பேர் அந்தக் கோப்பையே ஒதுக்கிவிடும். உங்கள் திரையில் காரணம் தெரியாது, ரவுட்டரில் லாக்ரீட் (பதிவுகளைக் காட்டும் கட்டளை) பார்த்தால் தெரியும். ஒரு கீ ஒரே வரியில் இருக்க வேண்டும். ஒட்டும்போது நடுவில் வரி உடைந்தால் அந்தக் கீ செல்லாது.

இரண்டாவது, கீயின் வகை. டிராப்பேரில் ஈடி25519 வந்தது 2020.79 பதிப்பில்தான். 18.06-இல் இருப்பது அதற்கு முந்தையது. ஷா-2 (புதிய ஹாஷ் முறை) கொண்ட ஆர்எஸ்ஏ (பழைய கீ வகை) கையொப்பமும் அதே 2020.79-இல்தான் வந்தது. மறுபக்கம் ஓப்பன்எஸ்எஸ்ஹெச் 8.8 முதல் பழைய, பலவீனமான ஷா-1 கொண்ட ஆர்எஸ்ஏ-வை இயல்பாக மறுக்கிறது. ஹோஸ்ட் கீ பிரச்சினையும் இதே முரண்பாடுதான்.

தற்காலிக வழி: 2048 பிட் அல்லது அதற்கு மேல் ஆர்எஸ்ஏ கீ ஒன்று உருவாக்குங்கள். லேப்டாப்பின் எஸ்எஸ்ஹெச் கான்ஃபிக் கோப்பில் இந்த ரவுட்டருக்கு மட்டும் தனி ஹோஸ்ட் பகுதி எழுதி, ஹோஸ்ட்கீஅல்காரிதம்ஸ், பப்கீஅக்செப்டட்அல்காரிதம்ஸ் இரண்டிலும் கூட்டல் குறியோடு எஸ்எஸ்ஹெச்-ஆர்எஸ்ஏ சேருங்கள். எல்லா ஹோஸ்ட்களுக்கும் பொதுவாகச் சேர்க்க வேண்டாம். ஒரு பழைய பெட்டிக்காக மற்ற சர்வர்களோடு பேசும்போதும் பலவீனமான முறையை ஏற்றுக்கொள்வது தவறு.

நிரந்தர வழி மேம்படுத்துவதுதான். 18.06-க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுபோயின. உங்கள் ரவுட்டர் ஏஆர்71எக்ஸ்எக்ஸ் (ஒரு சிப் குடும்பத்துக்கான ஓப்பன்டபிள்யூஆர்டி பிரிவு) வகையாக இருந்தால் ஒரு எச்சரிக்கை: அந்தப் பிரிவு 19.07-ஓடு முடிந்தது, அதன் பிறகு ஏடிஹெச்79. பழைய அமைப்புகளைக் கொண்டுபோகாமல் சிஸ்அப்கிரேடு கட்டளைக்கு -என் கொடுத்துச் செய்யுங்கள். எல்லாம் அழிந்து 192.168.1.1-க்குத் திரும்பும் என்பதால், பிபிபிஓஇ (இணைய நிறுவனத்தோடு இணையும் முறை) பயனர்பெயரும் பாஸ்வேர்டும் எழுதி வைத்துக்கொண்டு, ரவுட்டர் பக்கத்திலேயே லேன் கேபிளோடு உட்கார்ந்து செய்ய வேண்டிய வேலை இது.

தொடர்முனை

எஸ்சிபி: ஓப்பன்எஸ்எஸ்ஹெச் 9.0-இலிருந்து எஸ்சிபி கட்டளை உள்ளுக்குள் எஸ்எஃப்டிபி முறையில் பேசுகிறது. டிராப்பேரில் எஸ்எஃப்டிபி சர்வர் கிடையாது. கழித்தல் குறியோடு பெரிய எழுத்து ஓ கொடுத்தால் பழைய முறைக்குத் திரும்பும். சின்ன எழுத்து ஓ வேறு வேலைக்கு. அடிக்கடி கோப்பு அனுப்புவதென்றால் ஓப்பன்எஸ்எஸ்ஹெச்-எஸ்எஃப்டிபி-சர்வர் பேக்கேஜை ரவுட்டரில் நிறுவிவிடலாம், சிறியதுதான்.

பாஸ்வேர்டை மூடும் முறை: /ஈடிசி/கான்ஃபிக்/டிராப்பேர் கோப்பில் பாஸ்வேர்ட்ஆத், ரூட்பாஸ்வேர்ட்ஆத் இரண்டையும் ஆஃப் ஆக்குங்கள். முதலாவது ரூட் உட்பட எல்லோருக்கும் மூடுவது, இரண்டாவது ரூட்டுக்கு மட்டும். இன்டர்ஃபேஸ் என்பதற்கு லேன் என்று கொடுங்கள். யூசிஐ (அமைப்புகளை மாற்றும் கட்டளை) வழியாக மாற்றினால் கமிட் கட்டாயம். பிறகு சர்வீஸை ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

ரீஸ்டார்ட் செய்யும்போது இப்போதிருக்கும் டெர்மினலை மூடாதீர்கள். திறந்திருக்கும் இணைப்பு அறுபடாது, ஏனென்றால் ஒவ்வொரு இணைப்பும் தனி பிராசஸ். இரண்டாவது டெர்மினல் திறந்து கீயோடு உள்ளே போக முடிகிறதா பாருங்கள். பிறகு பப்கீஆதென்டிகேஷன் நோ என்று கொடுத்து, பாஸ்வேர்டு கேட்காமல் மறுக்கிறதா என்றும் பாருங்கள். இரண்டும் சரியென்றால் மட்டும் முதல் டெர்மினலை மூடுங்கள்.

வெளியிலிருந்து வர: முதலில் ரவுட்டரின் வான் முகவரியைப் பாருங்கள். அது 100.64 முதல் 100.127 வரையிலான தொடக்கம் கொண்டிருந்தால் நீங்கள் சிஜிநாட்டுக்குப் (பல வாடிக்கையாளர்கள் ஒரே பொது முகவரியைப் பகிரும் முறை) பின்னால் இருக்கிறீர்கள். எந்தப் போர்ட்டைத் திறந்தாலும் ஐபிவி4-இல் வெளியிலிருந்து எதுவும் வந்து சேராது. அப்படியானால் பொது முகவரி உள்ள ஒரு விபிஎஸ்ஸில் (வாடகை சர்வர்) வயர்கார்ட் (மறைகுறியாக்கப்பட்ட டனல் அமைக்கும் விபிஎன்) வைத்து, ரவுட்டர் அதை நோக்கி இணைய வேண்டும். ரவுட்டர் பக்கம் பெர்சிஸ்டன்ட் கீப்அலைவ் 25 வினாடி கொடுங்கள். இல்லாவிட்டால் நாட் (முகவரி மாற்றும்) பதிவு காலாவதியாகி, விபிஎஸ் பக்கமிருந்து ரவுட்டரைத் தொட முடியாமல் போகும். வான் முகவரி பொதுவானதாக இருந்தால் விபிஎஸ் வேண்டாம். வயர்கார்டை ரவுட்டரிலேயே வைத்து, அதன் யூடிபி 51820 போர்ட்டை மட்டும் வான் பக்கம் ஃபயர்வாலில் அனுமதித்தால் போதும்.

டிராப்பேர் லேன் முகவரியில் மட்டும் காது கொடுத்தாலும் டனல் வழியாக 192.168.1.1-க்கு எஸ்எஸ்ஹெச் போகும். வயர்கார்டின் அலவ்டு ஐபி பட்டியலில் அந்த முகவரி இருக்க வேண்டும், ஃபயர்வாலில் வயர்கார்ட் ஸோனின் இன்புட் அக்செப்ட் ஆக இருக்க வேண்டும்.

ரவுட்டர்களைப் படுத்தும் இன்னொன்று உண்டு. பெரும்பாலானவற்றில் பேட்டரியோடு கூடிய கடிகாரம் இல்லை. மின்சாரம் போய் வந்தால் நேரம் பின்னால் போகும். வயர்கார்ட் கைகுலுக்கலில் நேர முத்திரை இருப்பதால், முன்பு பார்த்ததைவிடப் பழைய நேரத்தோடு வருவதை எதிர்முனை மறுக்கும். என்டிபி (இணையம் வழியாக நேரம் பெறும் முறை) நேரத்தைச் சரிசெய்த பிறகே டனல் எழும். ஆகவே என்டிபி போக்குவரத்து டனலுக்குள் போகக் கூடாது. போனால் இரண்டும் ஒன்றுக்கொன்று காத்து நிற்கும்.

பாக்கெட்பறவை

மிக்க நன்றி. ஆர்எஸ்ஏ கீயை ஈடிசி பக்கம் வைத்ததும் நுழைய முடிகிறது. வான் முகவரி 100.72 என்று தொடங்குகிறது, ஆகவே விபிஎஸ் வழிதான். ஒரு சந்தேகம்: பாஸ்வேர்டை மூடிய பிறகு கீ தொலைந்தால் ரவுட்டர் அவ்வளவுதானா?

ரூட்டர்பட்டறை

இல்லை, ஃபெயில்சேஃப் (மீட்பு நிலை) இருக்கிறது. கணினிக்கு 192.168.1.2 என்று நிலையான முகவரி கொடுத்து லேன் போர்ட்டில் இணையுங்கள். ரவுட்டரை ஆன் செய்து, எல்இடி மினுங்கத் தொடங்கும்போது பட்டனை அழுத்துங்கள். மினுங்கல் வேகமானால் உள்ளே வந்துவிட்டது. பிறகு 192.168.1.1-க்கு ரூட்டாக எஸ்எஸ்ஹெச், பாஸ்வேர்டு கேட்காது. முதலில் மவுண்ட்-ரூட் கட்டளை கொடுங்கள். அது இல்லாமல் செய்யும் மாற்றம் ஃபிளாஷில் பதியாது. புதிய கீயை வைத்துவிட்டு ரீபூட்.

ஃபெயில்சேஃபுக்கும் வராவிட்டால் போர்டில் உள்ள சீரியல் பின்கள்தான். 3.3 வோல்ட் யூஎஸ்பி-டிடிஎல் கேபிள், பெரும்பாலும் 115200 வேகம், 8என்1. கிரவுண்ட், டிஎக்ஸ், ஆர்எக்ஸ் மூன்றை மட்டும் இணையுங்கள், டிஎக்ஸ் எதிரில் ஆர்எக்ஸ் வரும்படி. விசிசி பின்னைத் தொட வேண்டாம். 5 வோல்ட் சிக்னல் தரும் கேபிளை மாட்டினால் சிப் போய்விடும்.