பொன்னம்மாவுக்கும் செல்லம்மாவுக்கும் ஒரே ஹாஷ்: கோளாறு எங்கே?

ஹட்டன்வாசி:
தோட்டத்தில் கொழுந்து நிறுக்கிற மென்பொருளுக்கு சி ஷார்ப்பில் புதுத் திரை எழுதினோம். செக்ரோல் (தொழிலாளர் சம்பளப் பதிவேடு) பெயருக்கு ஹாஷ், அதாவது பெயரிலிருந்து கணக்கிடும் அடையாள எண், போடுவது பழைய சி ப்ளஸ் ப்ளஸ் டிஎல்எல் என்ற துணை நிரல் கோப்புதான்; உள்ளே 32 பிட் எஃப்என்வி-1ஏ என்ற ஹாஷ் முறை. பொன்னம்மாவுக்கும் செல்லம்மாவுக்கும் ஒரே எண் வருகிறது. ஒருவர் எடுத்த கொழுந்து மற்றவர் கணக்கில் ஏறுகிறது. ஷா-256 என்ற வலுவான ஹாஷ் முறைக்கு மாறலாமா?

பண்டாரவளைக்காரி:
மாறினாலும் இதே கதைதான் அண்ணே. சி ஷார்ப் ஓடுகிற டொட் நெட்டில் சரம் (எழுத்துத் தொடர்) யூடிஎஃப்-16, யூனிகோடைப் பைட்டாக எழுதும் ஒரு முறை. அதை டிஎல்எல்லுக்குக் கொடுக்க மார்ஷல்_ஆஸ் என்ற மாற்றியைப் போட்டு சி ப்ளஸ் ப்ளஸ் சரமான எஸ்டிடி ஸ்ட்ரிங் ஆக்கியிருப்பீர்கள். அது விண்டோஸின் ஆன்சி குறியீட்டுப் பக்கத்துக்கு, அதாவது பழைய எழுத்து அட்டவணைக்கு, மாற்றும். தமிழுக்கு அப்படியொரு பக்கமே கிடையாது, எல்லாம் கேள்விக்குறி ஆகிவிடும். புள்ளி, துணையெழுத்தெல்லாம் சேர்த்து எண்ணுங்கள்: இரண்டு பெயரிலும் 9 குறியீடுகள். டிஎல்எல் பார்ப்பது இரண்டுக்கும் 9 கேள்விக்குறி. ஹாஷ் பாவம், என்ன செய்யும்?

தலவாக்கலை நிரலன்:
அப்படியென்றால் இத்தனை வருஷம் எப்படி ஓடியது?

பண்டாரவளைக்காரி:
பழைய திரையில் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்திருப்பார்கள். திரையில் தெரிவதுதான் தமிழ், கோப்பில் இருப்பது பெரும்பாலும் ஆங்கில எழுத்து. ஆன்சிக்கு மாற்றினாலும் சேதமில்லை.

ஹட்டன்வாசி:
ஆமாம், பாமினிதான்.

தலவாக்கலை நிரலன்:
சரி, அப்போ மாற்றவே வேண்டாமே. சரத்தின் முகவரியை எடுத்து, நினைவகத்தை ஒழுங்குபடுத்தும் குப்பை சேகரிப்பான் நகர்த்தாதபடி பின்_பிடிஆர் என்ற சுட்டியால் கட்டிவைத்து, யூடிஎஃப்-16ஐயே ஹாஷ் செய்யலாம். நகலெடுக்கிற செலவு மிச்சம்.

பண்டாரவளைக்காரி:
பெரட்டுக்கு (காலை ஆள்கணக்கெடுப்புக்கு) வருகிறவர்களின் பெயரை ஹாஷ் செய்ய இவ்வளவு வேகம் எதற்கு? மலையில் நிறுக்கிற கைபேசிச் செயலி யூடிஎஃப்-8இல் போட்டால் பொன்னம்மா 27 பைட், உங்கள் வழியில் 18. இரண்டும் சேரவே சேராது. யூடிஎஃப்-8 என்று முடிவு செய்யுங்கள். அதற்கு முன்னால் சி ஷார்ப் பக்கத்திலேயே நார்மலைஸ் போட்டு, ஒரே எழுத்தை ஒரே வடிவமாக்குங்கள். ஒரு விசைப்பலகை ‘பொ’வுக்கு இரண்டு குறியீடு தரும், இன்னொன்று ஒற்றைக்கொம்பையும் காலையும் தனித்தனியாகக் கொடுத்து மூன்றாக்கிவிடும்.

பதுளை மாணவன்:
சி ஷார்ப்பிலேயே கெட்ஹாஷ்கோட் என்ற ஹாஷ் வசதி இருக்கிறதே?

தலவாக்கலை நிரலன்:
அதைச் சேமித்து வைக்கக் கூடாது தம்பி. டொட் நெட் கோரில் நிரலை மூடித் திறந்தால் எண் மாறிவிடும். அது கிடக்கட்டும். அக்கா, யூனிகோடுக்குப் போனால் பாமினி காலத்து ஹாஷ் எதுவும் பொருந்தாது. ஊழியர் சேமலாப நிதிக் கணக்கெல்லாம் அதில்தான் தொங்கும். அதற்கென்ன பதில்?

பண்டாரவளைக்காரி:
பழைய எண்ணும் புது எண்ணும் பக்கத்தில் பக்கத்தில் வருகிற அட்டவணை ஒன்று. பாமினியை ஒரு தடவை யூனிகோடாக்கி நிரப்பினால் போதும். உண்மையில் பெயரைச் சாவியாக்கியதே வம்பு. ஒரு லயத்தில் (தோட்டக் குடியிருப்பு வரிசையில்) இரண்டு பொன்னம்மா இருந்தால் எந்த ஹாஷ் பிரிக்கும்? செக்ரோல் நம்பர் எதற்கு இருக்கிறது?

தலவாக்கலை நிரலன்:
எங்கள் பக்கம் டிவிஷன் மாறினால் அந்த நம்பரும் மாறும். அதை நம்பி இறங்க நான் தயாரில்லை.

ஹட்டன்வாசி:
டிஎல்எல்லின் மூலநிரல் கையில் இல்லை. யூடிஎஃப்-8 பைட்டுகளை அப்படியே அனுப்பலாமா?

பண்டாரவளைக்காரி:
அனுப்பலாம், சரம் முடிந்ததைக் காட்டக் கடைசியில் ஒரு பூச்சிய பைட் சேர்த்து.

தலவாக்கலை நிரலன்:
பொறுங்கள். உள்ளே வெறும் சார் வகையில் (மைனஸும் வரக்கூடிய ஒரு பைட் எண்) எழுதியிருந்தால் 127க்கு மேற்பட்ட பைட் மைனஸ் ஆகிவிடும். யூடிஎஃப்-8இல் தமிழின் எல்லா பைட்டும் அந்த ரகம். கைபேசி தருகிற எண்ணோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் சம்பளக் கணக்கில் கைவைக்காதீர்கள்.